கண் சிமிட்டியது யார்?

1

யர்மிலா பல்லில் ஒரு ஒயரைக் கடித்திருந்தாள். இடது கையில் பொம்மையின் பிடிகட்டை. வலது கைக் கட்டைவிரலால் உடைந்த கணினியின் மூடியை அழுத்திப் பிடித்திருந்தாள். விரலை எடுத்தால் திரை அணைந்துவிடும்.

"கண்ணைத் திறங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

'திறக்கிறேன்' என்று சொல்ல வாய் காலியாக இல்லை. முழங்கையை வளைத்து ஒரு விசையைத் தட்டினாள்.

நாலு மீட்டர் கீழே, மேடையில், வோத்னிக் பொம்மையின் வலது கண் திறந்தது. இடது கண் யோசித்தது. பிறகு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

"ஒரு கண்ணு போதும்னா நான் கடற்கொள்ளைக்காரன் கதையே போட்டிருப்பேன்," என்றார் டைரக்டர் ரதோவான்.

ஒளிச்சாவடியின் கண்ணாடிக்குப் பின்னால் பிளாங்கா சிரிப்பதை யர்மிலாவால் பார்க்க முடிந்தது. நாடகத்தின் விளக்கும் ஒலியும் பிளாங்காவின் பொறுப்பு.

ப்ர்னோ நகரத்துப் பொம்மை அரங்கில் நூல் பொம்மைகளை மேல்பாலத்தில் நின்றுதான் ஆட்டுவார்கள். ஒரு கையில் பிடிகட்டை, மறு கையில் நூல்கள். யர்மிலாவின் பொம்மை வோத்னிக், குளத்துப் பூதம். பச்சைக் கோட்டு, வைக்கோல் தலைமுடி, கையில் லாந்தர் விளக்கு, எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் கோட்டு வால். மூழ்கிப்போனவர்களின் உயிர்களைக் கிண்ணங்களுக்குள் போட்டு மூடி வைத்திருக்கும் ஆசாமி. மற்ற அரங்குகளின் வோத்னிக்குக்குக் கண்ணை வரைந்து விட்டுவிடுவார்கள். இவனுக்கு மட்டும் இமை உண்டு. இமையை அசைக்கும் மோட்டார் தலைக்குள். மோட்டாருக்கும் லாந்தருக்கும் வால் சொட்டுவதற்கும் கட்டளை வாங்கும் சில்லு வயிற்றுக்குள். கட்டளை போடுவது யர்மிலாவின் கைக்கணினி. மூக்குக் கண்ணாடிக் கூடு போலத் திறக்கும். உள்ளே லினக்ஸ் இயங்குதளம் ஓடும். பாலத்தின் கைப்பிடியில் அதைத் திறந்து கட்டி வைத்து இரண்டு வருடம் ஒப்பேற்றியிருந்தாள்.

இன்று காலை, நாடகத்தில் வரும் மாவு மில் காட்சிக்கான மரத்தூண் ஒன்று சரிந்து நேராக அதன் கீல் மேல் விழுந்தது.

ரதோவான் மேடை நடுவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மூணு மணிக்கு இந்த நாடகத்தோட இந்த வருஷத்து முதல் ஆட்டம். ஒரு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்பேன். கண்ணு ஒழுங்கா வரலேன்னா பிளாங்கா பதிவு பண்ணி வெச்சிருக்கறதைப் போட்டுடுவோம். இமை அதுவா திறக்கும், அதுவா மூடும். நீங்க பொம்மையை நடத்தினா போதும்."

யர்மிலா ஒயரைத் துப்பினாள்.

"பதிவு காத்திருக்காது டைரக்டர் சார்."

"எதுக்குக் காத்திருக்கணும்?"

"பசங்களுக்கு. 'கிண்ணத்தைத் திறக்கட்டுமா'ன்னு வோத்னிக் கேக்கறான். ஒரு நாள் உடனே கத்துவாங்க. ஒரு நாள் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டாங்க. அவங்க யோசிக்கற வரைக்கும் அவன் கண்ணை மூடாம பார்த்துட்டே இருக்கணும். பதிவு போட்டா, பசங்க வாயைத் திறக்கறப்போ இவன் கண்ணை மூடிப்பான்."

"மூடினா மூடட்டும். பூதம்தானே. மரியாதை தெரிஞ்ச பூதம்னு யாரும் சொல்லலையே."

அவர் போய்விட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். வசந்த காலத்து நாடகத்தில் டிராகனின் வாலுக்கு இப்படித்தான் 'இன்றைக்கு ஒருநாள்' என்று பதிவு போட்டார்கள். வால் இன்றுவரை பதிவில்தான் ஆடுகிறது. அதை ஆட்டியவர் இப்போது டிக்கெட் கிழிக்கிறார்.

யர்மிலா தொலைபேசியை எடுத்தாள்.

"ஹினெக், உன்கிட்ட எத்தனை இருக்கு?"

"எத்தனை என்ன?"

"கைக்குள்ள அடங்கறது. எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

2

ஹினெக் டிராமில் வந்தான். ஒரு தோளில் துணிப்பை, கையில் பாதி தின்ற ரொட்டி. பழைய துணி மில்லின் நிலவறையில் ஒரு கணினி மன்றம் நடக்கிறது. அங்கே சனிக்கிழமைகளில் பெரிய மனிதர்கள் சின்னக் கணினிகளை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். ஹினெக் அந்தச் சண்டைகளின் நடுவர். யர்மிலாவுக்குக் கட்டளைகளை எழுதக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். அதற்குக் கூலியாக மகள் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை கேட்டு, அது கிடைத்ததும், தானே வைத்துக்கொண்டவன்.

மேடைச் சாமான்கள் வைக்கும் பொருள்மேசையில் ஓர் அரசன் பொம்மையின் தலையை நகர்த்திவிட்டு மூன்று கைக்கணினிகளை வரிசையாக வைத்தான்.

"இது மடக்கு. உன் பழசோட ஒண்ணுவிட்ட தம்பி. இது பலகை. முழுக்கத் திரை, தட்டறதுக்கு ஒரு சாவிகூட இல்லை. இது குட்டையன். மேல சீட்டுக்கட்டு அளவுல திரை, கீழ பொடிப்பொடியா சாவி. ஒரே கையில பிடிச்சுக் கட்டைவிரலால தட்டலாம்."

"எது நல்லது?"

"அந்தக் கேள்வியை மன்றத்துல கேட்டா நாற்காலி பறக்கும்."

"ஹினெக்."

"சரி, சரி. மூணுக்குள்ளேயும் ஒரே லினக்ஸ்தான். உன் நிரல் மூணுலேயும் ஏத்திட்டேன். எது பேசினாலும் பொம்மைக்குப் புரியும். கடைசியா யார் சொன்னாங்களோ அவங்க பேச்சைக் கேக்கும். உள்ள இருக்கற ஆள் ஒருத்தன்தான். உடம்புதான் வேற வேற."

பிளாங்கா சாவடியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். மூன்றையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இதுக்குப் பதிலா ஒரு ரிமோட் வாங்கினா என்ன? என் அம்மா வீட்டுத் திரைச்சீலையே ரிமோட்ல போகுது."

"உங்கம்மா திரைச்சீலைகிட்ட நம்ம டைரக்டர் வந்து 'மூணாவது சிமிட்டை அரை மூச்சு தள்ளிப் போடு'ன்னு சொல்றாரா?" என்றாள் யர்மிலா. "எனக்குச் சொல்றார். ஒத்திகை நடுவுல. நான் பாலத்துல நின்னுட்டே எழுதணும், மாத்தணும், அங்கேயே ஓட்டிப் பார்க்கணும்."

"அப்போ மூணையும் மேல கொண்டுபோ," என்றான் ஹினெக். "மேசையில வெச்சுப் பார்த்தா மூணும் அழகாத்தான் இருக்கும். கையில மரத்தைப் பிடிச்சுட்டுப் பார்."

முதலில் மடக்கு.

சாவிகள் அருமை. ஒவ்வொன்றும் அழுத்தினால் 'கேட்டேன்' என்று விரலுக்குப் பதில் சொன்னது. ஆனால் கைப்பிடியில் பழைய கணினியைத் தாங்கிய சட்டமும் தூண் விழுந்ததில் உடைந்து போயிருந்தது. மடக்கைக் கையில் பிடித்தால் தட்ட இன்னொரு கை வேண்டும். பொம்மைக்கு இரண்டு கை. ஆக மொத்தம் நாலு.

"எனக்கு ரெண்டுதான் இருக்கு," என்று மேலிருந்து சொன்னாள்.

"மன்றத்துலேயும் இதே புகார்தான்," என்றான் ஹினெக். "மேசை இருந்தா அது ராஜா. மேசை இல்லேன்னா அது வெறும் டப்பா."

அடுத்தது பலகை. ஹினெக் அதன் திரையில் பெரிதாக ஒரு கண்ணை வரைந்து வைத்திருந்தான். விரலை மேலே இழுத்தால் இமை திறக்கும், கீழே இழுத்தால் மூடும்.

"எங்கப்பா டி.வி.யையே அணைக்கத் தெரியாதவர். அவர்கிட்ட குடுத்தாலும் ஓட்டிடுவார்," என்றான்.

யர்மிலா விரலை வைத்து மெதுவாக மேலே நகர்த்தினாள். பாதியில் நிறுத்தினாள்.

கீழே வோத்னிக்கின் இமையும் பாதியில் நின்றது.

இரண்டு வருடமாக அந்தக் கண் திறந்திருந்தது, அல்லது மூடியிருந்தது. இப்போதுதான் முதல்முறையாக எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. குளத்தங்கரையில் உட்கார்ந்து, வருகிறவன் காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் பார்க்கிற மாதிரி.

"ஐயோ, இவனுக்குள்ள யாரோ இருக்காங்க," என்றாள் பிளாங்கா மெதுவாக.

யர்மிலாவுக்கு விரலை எடுக்க மனமில்லை. கொஞ்சம் இறக்கினாள். சந்தேகம். இன்னும் கொஞ்சம். தூக்கம். சட்டென்று ஏற்றினாள். திருடன் மாட்டிக்கொண்டான். ஒரே இமைக்குள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

"மேல யாரு அது? செத்துப்போன கன்னியாஸ்திரியா?"

ரதோவான் எப்போது வந்து பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. பலகையின் வெளிச்சம் யர்மிலாவின் முகவாயில் அடித்து, இருட்டான மேடைக்கு மேலே ஒரு நீலத் தலை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"முன்வரிசைப் பசங்க பூதத்தைப் பார்க்கமாட்டாங்க. உங்களைப் பார்த்துதான் அழுவாங்க."

ஹினெக் ஏணியில் ஏறி வந்து திரை வெளிச்சத்தை அணையும் அளவுக்குக் குறைத்தான். இப்போது முகம் தெரியவில்லை. வரைந்த கண்ணும் தெரியவில்லை. வழவழவென்ற கண்ணாடியில் விரலுக்கு எந்த அடையாளமும் இல்லை. குனிந்து தேடினாள். தேடிய நேரத்தில் வோத்னிக் மில்லின் சுவருக்குள் நடந்துபோய்விட்டான்.

"நல்ல நடை," என்றார் ரதோவான். "கதவு பக்கத்துல இருக்குன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

மிச்சம் இருந்தது குட்டையன். பொடிச் சாவிகள் ஒவ்வொன்றும் சின்ன மேடு. இருட்டிலேயே கட்டைவிரல் வழி கண்டுபிடித்தது. திரையை அணைத்துவிட்டாலும் சாவிகள் வேலை செய்தன. ஒட்டுப்பட்டையால் பிடிகட்டையின் பக்கவாட்டிலேயே கட்டிவிட்டாள். இடது கை மரத்தையும் பிடித்தது, கட்டைவிரல் கண்ணையும் பார்த்துக்கொண்டது. ஆனால் ஒரு பக்கம் கனம் கூடியதும் வோத்னிக் குடித்துவிட்டு வந்தவன் போல நடந்தான்.

"மறுபக்கம் ஏதாவது கட்டு," என்று ஹினெக் துணிப்பையில் எப்போதும் கிடக்கும் தன் சைக்கிள் பூட்டைத் தூக்கிப் போட்டான். அதையும் கட்டினாள். வோத்னிக் தெளிந்தான்.

ஒரு மணிக்கு ரதோவான் முழுவதும் பார்த்தார். எழுந்து வந்தார்.

"நடக்குது. திறக்குது. மூடுது. அந்தப் பாதிக் கண்ணு?"

"அது இதுல வராது சார். சாவிக்குத் திறக்கவும் மூடவும்தான் தெரியும்."

"ம்."

பொருள்மேசைக்கு அருகில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிளாங்காவிடம் திரும்பினார்.

"பதிவையும் தயாரா வெச்சுக்கோ. நடுவுல இந்தப் பூட்டும் சாவியும் படுத்துச்சுன்னா உடனே போடு. யர்மிலா, இன்னிக்கு இது படுத்துச்சுன்னா திங்கட்கிழமைலேர்ந்து பதிவுதான். அதுக்கப்புறம் இதைப்பத்திப் பேச்சு கிடையாது."

"சரி."

ஹினெக் பலகையை அரசன் தலைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு, மடக்கை எடுத்துக்கொண்டான்.

"நான் கடைசி வரிசையில இருக்கேன். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இதுலேர்ந்து தட்டறேன். மடியே மேசை."

3

மூன்று மணிக்கு அரங்கம் நிறைந்தது. குழந்தைகளின் ஈரக் கம்பளிச் சட்டை வாசனை பாலம்வரை வந்தது.

ரதோவான் கோட்டைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு பாலத்தின் ஏணியடிக்கு வந்தார்.

"கழுத்து முறியட்டும்," என்றார்.

"நாசமாப் போங்க," என்றாள் யர்மிலா. முதல் ஆட்டத்துக்கு முன் அரங்கத்தார் வாழ்த்துவது இப்படித்தான்; இதற்கு நன்றி சொல்பவர்கள் அரங்கத்துக்கே கெட்ட சகுனம்.

அவர் போனார். ரதோவான் எந்த வருடமும் தன் நாடகத்தின் முதல் ஆட்டத்தைப் பார்த்ததே கிடையாது. எதிர்த்தெரு மதுக்கடையில் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், கைதட்டல் முடிகிற நேரத்துக்குத் திரும்புவார். அந்த நேரத்தில் அவரைத் தேடக் கூடாது, அவர் இருக்கும் பக்கம் பார்க்கக்கூடக் கூடாது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது.

விளக்கு அணைந்தது.

முதல் காட்சி வெண்ணெயில் கத்தி போலப் போனது. வோத்னிக் குளத்திலிருந்து தலையை நீட்டினான், கோட்டு வாலைப் பிழிந்தான், கண்ணைத் திறந்தான். குழந்தைகள் மூச்சை இழுத்தார்கள். யர்மிலாவின் கட்டைவிரல் இருட்டில் தன் வேலையைப் பார்த்தது. மூடு. திற. மூடு.

இரண்டாவது காட்சியில் வோத்னிக் மில்லின் மதகிலிருந்து தண்ணீருக்குள் குதிக்க வேண்டும். பிடிகட்டையை வீசி இறக்கினால்தான் குதிப்பு அழகாக வரும். வீசினாள்.

ஒட்டுப்பட்டை வழுக்கியது.

குட்டையன் கட்டையைச் சுற்றி அரை வட்டம் போட்டு அடிப்பக்கம் போய்த் தொங்கினான். கட்டைவிரல் சாவியைத் தேடியது. வெறும் மரம். போகிற போக்கில் அவள் சட்டைக் கை ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டது. சின்னப் பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. கணினி தூங்கப் போய்விட்டது. எழுப்ப ஒரு கை வேண்டும். இரண்டு கையிலும் பூதம்.

கீழே வோத்னிக் கிண்ணங்களின் அலமாரிக்கு முன்னால் நின்றான். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. அடுத்த வசனம் வந்தே தீர வேண்டும்.

"திறக்கட்டுமா?" என்று யர்மிலா வோத்னிக்கின் குரலில் கேட்டாள்.

பதில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்கிறவனை யார் நம்புவார்கள்? பிறகு எங்கோ நடுவிலிருந்து ஒரு குழந்தையின் குரல், தெளிவாக:

"தூங்கிட்டியா?"

சிரிப்பு பரவியது. அது நல்ல சிரிப்பு இல்லை. பொம்மை பொம்மைதான் என்று கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. சாவடிக் கண்ணாடிக்குப் பின்னால் பிளாங்காவின் கை பதிவுப் பொத்தானை நோக்கி நகர்ந்தது. யர்மிலா அதைப் பார்த்தாள். ஒன்றும் செய்ய முடியவில்லை. திங்கட்கிழமை அந்தக் கையின் வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

அப்போது வோத்னிக்கின் இமை அசைந்தது.

மெதுவாக. ஒரு கீற்று. கொஞ்சம் இன்னும். பாதிக்கு வந்து நின்றது. அந்தப் பாதிக் கண், கேட்ட குழந்தையைத் தேடுவது போல இருந்தது.

யர்மிலாவின் கை தானாகவே பொம்மையின் தலையைக் குரல் வந்த திசைக்குத் திருப்பியது.

"நடிக்கறே. நீ தூங்கலை," என்றது அதே குரல்.

இமை டக்கென்று மூடிக்கொண்டது. ஒரு மூச்சு. மறுபடி ஒரு கீற்று திறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தது.

அரங்கமே வெடித்தது. இந்த முறை நல்ல சிரிப்பு. பிளாங்காவின் கை அந்தரத்தில் நின்று, இறங்கியது.

யார்?

யர்மிலா வசனத்தைச் சொல்லிக்கொண்டே யோசித்தாள். ஹினெக்கா? அவன் மடியில் இருப்பது மடக்கு. மடக்குக்குச் சாவிதான், சாவிக்குப் பாதி தெரியாது. பதிவா? பிளாங்கா பொத்தானைத் தொடவே இல்லை. பாதிக் கண் தெரிந்த உடம்பு ஒன்றுதான், பலகை. அது பொருள்மேசையில் அரசன் தலையோடு கிடக்க வேண்டும்.

"திறக்கட்டுமா?" என்று மறுபடி கேட்டாள்.

இந்த முறை அரங்கம் அமைதியாக இருந்தது. குழந்தைகள் நிஜமாகவே யோசித்தார்கள். கிண்ணத்துக்குள் இருப்பது நல்ல உயிரா கெட்ட உயிரா, யாருக்குத் தெரியும்? அமைதி நீண்டது. வழக்கமாக இந்த இடத்தில் அவள் கட்டைவிரல்தான் பொறுமையாக இருக்கும். இப்போது வேறு யாருடைய விரலோ பொறுமையாக இருந்தது. கண் மூடவில்லை. சிமிட்டவும் இல்லை. காத்திருந்தது.

"திற," என்று ஒரே ஒரு குரல் சொன்னது.

இமை முழுவதும் திறந்தது. யர்மிலா நூலை இழுத்தாள். கிண்ணம் திறந்தது.

அதற்குப் பிறகு அவள் எதிர்த்துப் போராடவில்லை. இமை எப்படி அசைகிறதோ அதற்கேற்பத் தலையைத் திருப்பினாள். தலை போகும் இடத்துக்குக் கண் ஒத்துக்கொண்டது. முகம் தெரியாத யாருடனோ ஒரே உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு நாடகம் முழுவதையும் ஆடி முடித்தாள். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்வி மட்டும் குறுகுறுவென்று உட்கார்ந்திருந்தது.

4

கைதட்டல் ஓயும் முன்பே ஏணியில் இறங்கினாள். ஹினெக் மடக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"யர்மிலா, எப்படிப் பண்ணினே? குட்டையன்ல பாதிக் கண்ணு எப்படி வந்தது?"

"நீ பண்ணலையா?"

"நானா? நான் மூடியைத் திறந்து, கடவுச்சொல்லைத் தப்பாப் போட்டு, திரும்பப் போடறதுக்குள்ள உன் ஆள் கண்ணடிச்சுட்டான். அப்புறம் நான் எதுக்குத் தொடணும்? வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்துட்டேன்."

பிளாங்கா சாவடிப் படிகளில் இறங்கி வந்தாள்.

"என்னைப் பார்க்காதீங்க. என் ரெண்டு கையும் விளக்குல இருந்தது. பதிவைப் போடலாம்னு போனேன், அதுக்குள்ள அவன் முழிச்சுட்டான். சொல்லப்போனா எனக்குக் கொஞ்சம் பயமாவே இருந்தது."

மூவரும் பொருள்மேசைக்குப் போனார்கள். அரசன் தலை இருந்தது. பக்கத்தில் காலி இடம்.

"போச்சு," என்றான் ஹினெக். "அது மன்றத்தோடது. தொலைஞ்சதுன்னா என் தலையைத்தான் இங்க வெச்சுட்டுப் போகணும்."

"தொலையலை," என்றாள் யர்மிலா. "யார்கிட்டயோ இருக்கு. அந்த யாரோ காத்திருக்கத் தெரிஞ்ச ஆள். உன்னால முடியாது ஹினெக், உன் பொண்ணைத் தவிர எந்தக் குழந்தை பக்கத்துல வந்தாலும் நீ சுவரோட ஒட்டிப்பே. பிளாங்காவுக்குப் பால் பொங்கற வரைக்கும்கூடப் பொறுமை கிடையாது."

"உண்மைதான்," என்றாள் பிளாங்கா.

"டிக்கெட் கிழிக்கறவரா? டிராகன் வாலை ஆட்டினவராச்சே," என்றாள் யர்மிலா.

"அவர் வாசல்ல ரெண்டு அம்மாக்களோட சண்டையில இருந்தார். நாடகம் பூரா கடைசி வரிசையில எனக்குச் சத்தம் கேட்டுட்டே இருந்தது," என்றான் ஹினெக்.

அப்போது ரதோவான் வந்தார். பொத்தான் போட்ட கோட்டு, அழுத்தி வாரிய முடி. முதல் ஆட்டம் முடிந்தால் எப்போதும் கேட்கும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நடந்ததா?"

ஹினெக் யர்மிலாவின் காலை மெதுவாக மிதித்தான். சொல்லாதே என்று அர்த்தம். சொல்லாமல் இருக்கலாம். கைதட்டல் வாசல்வரை கேட்டிருக்கும். திங்கட்கிழமை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"நடந்தது. ஆனா நடத்தினது நான் இல்லை," என்றாள். "ரெண்டாவது காட்சியில என் கருவி படுத்துடுச்சு. நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. பதிவு போடணும்னா போடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இன்னிக்குக் கண்ணை ஓட்டினது பதிவு இல்லை. யாரோ உட்கார்ந்து, பசங்க யோசிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க. பதிவா இருந்திருந்தா அந்தப் பொண்ணு 'தூங்கிட்டியா'ன்னு கேட்டப்பவே நாடகம் செத்திருக்கும்."

ரதோவான் அரசன் தலையை நேராக்கி வைத்தார்.

"பிளாங்கா."

"சார்?"

"அந்தப் பதிவை அழிச்சுடு."

பிளாங்கா தலையாட்டினாள். ஹினெக் மிதித்த காலை எடுத்தான்.

"அந்தக் குட்டையனைப் பட்டையால கட்டாதீங்க," என்றார் யர்மிலாவிடம். "துணிமணி அறையில தோல் இருக்கும். உறை தெச்சுக் கட்டையோட ஆணி அடிங்க. லாந்தர் எரியறது, கோட்டு வால் சொட்டறது எல்லாம் உங்க கட்டைவிரல்லயே இருக்கட்டும். கண்ணுக்கு மட்டும் அந்தப் பலகை. அதை ஓட்டற ஆள் பாலத்துல இருக்கக் கூடாது, வெளிச்சம் காட்டிக்குடுத்துடும். கீழ, பசங்க நடுவுல உட்காரணும். கோட்டுக்குள்ள வெச்சு ஓட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. அங்க உட்கார்ந்தாத்தான் அவங்க மூச்சை இழுக்கறது காதுல விழும்."

"எல்லாம் சரி சார்," என்றான் ஹினெக். "அந்த ஆள் யாருன்னே தெரியலையே. பலகையும் அவனோட போயிடுச்சு."

ரதோவான் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதையும்.

"அந்தப் பாதிக் கண்ணை இன்னொரு தடவை பார்க்கணும்னு இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துட்டுக் கடைக்குப் போயிடலாம்னுதான் எடுத்தேன்," என்றார். பலகை அவர் கைக்கு வந்தது. திரையில் இன்னும் பாதி திறந்த ஒரு கண். "பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. முன்னாடி ரெண்டு பல்லு இல்லை. 'தூங்கிட்டியா'ன்னு என் காதுலயே கத்திச்சு. பதில் சொல்லாம எப்படி உட்கார்ந்திருக்கறது?"